அறுநூறு ஆண்டுகளுக்கு அப்பால் ஒருவர்

1914இல் இத்தாலியக் கவிஞன் தாந்தேயின் வானத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. அதை எழுதியவர் அப்போது குடியிருந்த ஊர் கொடைக்கானல். சூரிய ஆய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட்டின் மனைவி மேரி அக்வொர்த் எவர்ஷெட், ‘தாந்தேயும் ஆரம்பகால வானியலாளர்களும்’ என்ற அந்த நூலுக்குத் திருமணத்துக்கு முந்தைய தன் பெயரையே வைத்துக்கொண்டார்: எம். ஏ. ஓர். 1956இல் அது மறுபதிப்புக் கண்டது. தாந்தே ஆய்வாளர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

மேரி 1867இல் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் நகரில் தங்கியிருந்தபோது தாந்தேயிடம் மனம் போயிற்று. பிறகு ஆஸ்திரேலியாவில் சில காலம் வாழ்ந்து, தென்வானத்து விண்மீன்களை அடையாளம் காண எளிய கையேடு ஒன்றை எழுதினார். 1896இல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க நார்வேக்குப் போன குழுவில் ஜானைச் சந்தித்தார். அன்று மேகம் மூடிக்கொண்டது. கிரகணம் சரியாகத் தெரியவில்லை. 1906இல் இருவரும் மணந்துகொண்டு, மறு ஆண்டு கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் அதை அழைக்கிறது. மேரி கணவரோடு சேர்ந்து சூரியப் பிழம்புகளை ஆராய்ந்தார். அதே ஆண்டுகளில், 1321இல் இறந்துபோன ஒரு கவிஞனோடும் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அந்த உறவைக் காதல் என்று சொல்ல இந்தத் தலையங்கம் தயங்கவில்லை. ஒருவன் நின்ற இடத்தில் நின்று, அவன் பார்த்த வானத்தை அவன் பார்த்தபடியே பார்க்க வேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்றுகிறது. அதற்காக அவள் ஆறு நூற்றாண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுகிறாள். அவன் வானியல் கற்ற அல்-ஃபர்கானி என்ன சொன்னார், அவருக்கு முன் தாலமி என்ன சொன்னார் என்று தேடிப் படிக்கிறாள். பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது என்று அவன் நம்பியதற்காக அவனைக் குறைத்து மதிப்பிடவில்லை. தனக்குத் தெரிந்த புதிய உண்மைகளை அவன் வாயில் திணிக்கவுமில்லை.

ஓர் உதாரணம் போதும். தாந்தேயின் காவியப் பயணம் 1300ஆம் ஆண்டு வசந்தத்தில் நடப்பதாகக் கொள்வது மரபு. காவியத்தில் வெள்ளிக் கோள் விடியலுக்கு முன் கிழக்கில் ஒளிர்கிறது. உண்மையில் 1300 வசந்தத்தில் வெள்ளி மாலை வானில் இருந்தது. கவிஞன் தவறினானா, பயணம் 1301இல் நடந்ததா, பழைய பஞ்சாங்கம் ஒன்றைப் பார்த்து எழுதினானா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். மேரியும் இந்த ஆண்டுக் கணக்குக்குள் பொறுமையாக இறங்குகிறார்.

இன்னொன்றும் உண்டு. காவியத்தில் வரும் கழுவாய் மலையின் அடிவாரத்தில், தென்திசையில், தாந்தே நான்கு விண்மீன்களைக் காண்கிறான். பலரும் அவற்றைத் திரிசங்கு எனப்படும் தென்சிலுவைக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபுளோரன்ஸிலிருந்து அந்தக் கூட்டம் தெரியாது. பத்துப் பாகை வட அட்சத்தில் இருக்கும் கொடைக்கானலிலிருந்து, ஏப்ரல் மே இரவுகளில், தெற்கு அடிவானத்துக்கு மேலே நன்றாகத் தெரியும். தாந்தே வெறும் மனக்கண்ணால் பார்த்த திசையை மேரியால் இந்த மலையில் நின்று நேரில் பார்க்க முடிந்தது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த இருவர் காதலிக்கும் கதைகள் இன்று உலகெங்கும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. டயானா கபால்டன் 1991இல் வெளியிட்ட ‘அவுட்லாண்டர்’ நாவலில், 1945இன் போர்க்காலத் தாதி ஒருத்தி ஸ்காட்லாந்தின் கல் வட்டம் ஒன்றைத் தொட்டு 1743இல் போய் விழுகிறாள். தமிழ்த் திரையில் ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘24’ (2016) ஆகிய படங்கள் கால இயந்திரத்தைப் பழக்கப்படுத்தின. ஆனால் அவற்றின் காதலர்கள் ஒரே காலத்தவர்கள். நூற்றாண்டு தாண்டிய காதலைத் தமிழில் எழுத விரும்பும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேரி எவர்ஷெட்டைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது.

தமிழுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. பாகவதத்தில் ரேவதியின் கதை இருக்கிறது. மகளுக்கு மாப்பிள்ளை கேட்க ககுத்மி அவளைப் பிரம்மலோகத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஒரு பாட்டு முடியும்வரை காத்திருக்கிறான். திரும்பினால் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்திருக்கின்றன. அவன் நினைத்துவைத்த மாப்பிள்ளைகள், அவர்கள் பேரன்மார், அவர்கள் குலங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. ரேவதி இன்னொரு யுகத்தவனான பலராமனை மணக்கிறாள். பழைய யுகத்து ஆட்கள் உயரமானவர்கள் என்பதால் பலராமன் தன் கலப்பையால் அவளைத் தன் உயரத்துக்குக் குறைத்துக்கொண்டான் என்கிறது விஷ்ணு புராணம். இந்தக் கலப்பையை மறந்துவிடக் கூடாது. காலம் தாண்டி ஒருத்தி வந்தால் யார் அளவுக்கு யார் மாற வேண்டும் என்ற கேள்வி, கதையின் முதல் நாளிலேயே எழுந்துவிட்டது. பதிலும் அவளுக்குச் சாதகமாக இல்லை.

மணிமேகலை அதற்கு வேறு வழி கண்டாள். மணிபல்லவத்துப் புத்த பீடிகை அவளுக்கு முற்பிறவியைக் காட்டுகிறது. அவள் இலக்குமி, கணவன் இராகுலன். இன்று தன்னைத் துரத்தும் உதயகுமரன்தான் அந்த இராகுலன். தெரிந்த பிறகும் அவள் அவனிடம் போகவில்லை. பழைய பந்தம் இன்றைய உரிமை ஆகாது என்று இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் காப்பியம் எழுதி வைத்திருக்கிறது.

பின்னால் வந்தவர்கள் இந்தத் துணிவைத் தொடரவில்லை. கல்கி இருமுறை இந்தப் பக்கம் வந்தார். ‘சோலைமலை இளவரசி’யில் 1942 போராட்ட வீரன் குமாரலிங்கம் போலீசுக்குத் தப்பிப் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான்; அங்கே ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தைய தன்னையே மாறனேந்தல் உலகநாதத் தேவராகக் காண்கிறான். இந்தப் பக்கம் பொன்னம்மாள், அந்தப் பக்கம் இளவரசி மாணிக்கவல்லி. ‘மோகினித் தீவி’ல் யாருமற்ற தீவொன்றில் பாண்டிய இளவரசியும் சோழ இளவரசனும் இளமை மாறாமல் இருக்கிறார்கள். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) முற்பிறவிக் காதலைத் திரையில் நிலைநிறுத்தியது. மூன்றும் நல்ல படைப்புகளே. வெள்ளைக்காரன் நாடு பிடித்த காலத்தையும் அவனை வெளியேற்றும் காலத்தையும் ஒரே கோட்டைச் சுவருக்குள் கல்கி சந்திக்க வைத்தது பெரிய கற்பனை.

ஆனால் மறுபிறவிக் காதலில் ஒரு வசதி இருக்கிறது. உயிர் ஒன்றே என்றால் முகம் கண்டதும் நினைவு வந்துவிடும். பேச்சு புரியுமா, சாதி என்ன, சட்டம் என்ன சொல்கிறது, எந்த நோய் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றும் என்று எதையும் கேட்க வேண்டியதில்லை. நூறாண்டு இடைவெளி வெறும் உடை மாற்றமாகச் சுருங்கிவிடுகிறது. வேற்று நூற்றாண்டுக்காரர் நிஜமாகவே வேற்று ஆளாக இருந்து, அப்படியும் ஒருவரை ஒருவர் விரும்பினால்தான் கதைக்குள் உயிர் வரும்.

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் ‘கிண்ட்ரட்’ என்ற நாவலில் இதைச் செய்து காட்டினார். 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்துப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். அவள் கணவன் கெவின் வெள்ளையன். ஒருமுறை அவனும் கூடவே வந்துவிடுகிறான். வீட்டில் சமமாக வாழ்ந்த தம்பதி, அந்த மண்ணில் கால் வைத்ததும் ஊரார் கண்ணுக்கு எசமானும் அடிமையும் ஆகிவிடுகிறார்கள். அவர்களுடைய அன்பு பொய்யாகிவிடவில்லை. ஆனால் அன்பு எவ்வளவு தூரம்தான் தாங்கும் என்று ஒவ்வொரு பக்கமும் கேட்கிறது. இறுதியில் டேனா ஒரு கையை இழந்து வீடு திரும்புகிறாள்.

தமிழில் அப்படியொரு கதைக்குப் பழனி மலைத்தொடரைவிடப் பொருத்தமான களம் இல்லை. நூற்றாண்டுகள் இங்கே ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

முதலில் குறிஞ்சி. 1838 தொடங்கி 1850, 1862, 1874 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது பூத்த ஆண்டுகள் பதிவாகியிருக்கின்றன. நம் காலத்தில் 1982, 1994, 2006, 2018. கால இயந்திரம் கட்ட விரும்பும் எழுத்தாளருக்கு மலையே ஆண்டுகளைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. 1910இல் குறிஞ்சி பூத்தது. அதே ஆண்டு ஹேலி வால்மீன் வந்தது. கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்து எவர்ஷெட் அதைப் படம் பிடித்தார். எவ்வளவு பெரிய நாவலுக்கும் இந்த ஓர் ஆண்டு போதும். எச். ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ 1895இல் வந்தது. அதில் எதிர்காலத்திலிருந்து திரும்பியவனுக்குச் சாட்சியாக இருப்பவை வீனா என்ற பெண் அவன் சட்டைப்பையில் வைத்த இரண்டு வாடிய பூக்கள் மட்டும்தான். குறிஞ்சி நிலத்தில் அப்படியொரு பூவுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்து கல். தாண்டிக்குடியைச் சுற்றிலும் மலைச் சரிவெங்கும் கற்திட்டைகள் நிற்கின்றன. செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்த பாதிரியார் ஆங்லாத், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றை அளந்து வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. கி.மு. 490 என்று அதன் காலத்தைக் கணித்தார்கள். அங்கேயே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கியும் கிடைத்தது. இறந்தவர் பசியோடு போகக் கூடாது என்று யாரோ ஒருவர் அள்ளி வைத்த நெல் அது. ஸ்காட்லாந்துக் கல் வட்டத்தைத் தமிழில் நகலெடுக்க முனைகிறவர்கள் முதலில் பொருந்தலுக்குப் போய் வரட்டும்.

பாட்டும் இருக்கிறது. இந்த மலைக்கு உரியவன் ஆவியர் குடியின் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை தந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்ததும், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவளுக்காக அவனிடம் பேசியதும் புறநானூற்றில் 143 முதல் 147 வரை இருக்கின்றன. பரிசில் கேட்கப் போன இடத்தில், பரிசில் வேண்டாம், தேர் பூட்டி அவளிடம் போ என்று கேட்கிறார்கள். ஐந்து பாட்டு, நான்கு ஆண்கள். கண்ணகியின் குரல் மட்டும் அதில் இல்லை. இன்றைய பெண் ஒருத்தி பொதினி எனப்பட்ட அன்றைய பழனிக்குப் போய் அவள் அருகே உட்கார்ந்தால் என்ன கேட்பாள்? கணவன் திரும்ப வேண்டும் என்று கண்ணகி விரும்பினாளா என்பதை அவளிடமே கேட்டவர் இதுவரை யாருமில்லை.

இனி பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1821இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி இந்த மலைகளை அளந்தார். 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களை மலைக்கு விரட்டின. காலரா தண்ணீர் வழியே பரவுகிறது என்று ஜான் ஸ்னோ லண்டனில் நிறுவியது 1854இல். கிருமியைக் கல்கத்தாவில் ராபர்ட் காக் பிரித்தெடுத்தது 1884இல். ஆக, இன்றைய கொடைக்கானல் செவிலி ஒருத்தி 1845க்குப் போய் ஒரு மிஷனரியிடம் சொல்லக்கூடிய முதல் காதல் மொழி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்பதுதான். அவன் அதை நம்புவானா? அவள் பேச்சை நம்ப அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? அவன் நம்பினாலும் அவன் மிஷன் நம்புமா? இதைத் தீர்க்கவே நூறு பக்கம் வேண்டும்.

அவள் எந்த வழியாக ஏறுகிறாள் என்பதும் சிறு விஷயமல்ல. மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில் குதிரையிலும் டோலியிலும் வந்தார்கள். டோலியைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்களை வரலாறு சேர்த்து வைக்கவில்லை. இன்றிலிருந்து போகிறவள் டோலியில் உட்காருவாளா, சுமக்கிறவர்களோடு நடப்பாளா? கதாசிரியர் அவளை எந்தச் சாதியில் பிறக்க வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, 1845இல் அவளுக்கு எந்தக் கிணறு திறக்கும், எந்தத் தெரு மூடும் என்பது முடிவாகிவிடும். சங்கமும் சோழமும் என்று அரண்மனைக்கு மட்டுமே போகும் கதைகள் இந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடுகின்றன.

பழையது எல்லாம் இருட்டு, இன்று எல்லாம் வெளிச்சம் என்று எழுதுவதும் தவறு. மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் பழங்குடியினரான பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல், ஆணும் பெண்ணும் சம மரியாதையோடு வாழும் ஒழுங்கை அவர் பதிவு செய்தார். பழைய காலத்துப் பளியப் பெண் ஒருத்தி இன்றைய திண்டுக்கல்லுக்கு வந்து ஒருவனை மணந்தால், சுதந்திரத்தை இழக்கிறவள் அவளாகவே இருக்கலாம்.

கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகிறவர்கள், அதைக் கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண் என்பதைக் கவனிப்பதில்லை. ஹாரிசன் என்ற குடும்பப் பெயரோடு இலங்கைக்கு வந்தவர், சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி ஆனார். 1930இல் கணவர் இறந்தார். 1934 குறிஞ்சி பூக்கும் ஆண்டு. 1936இல் பழனி மலை தெரியும் இந்த இடத்தில் கோயில் எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூவின் பெயரால் ஒரு முருகன். லீலாவதி தன் மொழி, மதம், நாடு மூன்றையும் கடந்து வந்தவர். ஒரே காலத்து இருவருக்கிடையிலேயே இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்றால், நூற்றாண்டு இடைவெளியை எழுதுகிறவர் இன்னும் எவ்வளவு பொறுப்போடு எழுத வேண்டும்!

சொல்லாமல் விட முடியாத ஒன்றும் இருக்கிறது. 2016 மார்ச் 13 அன்று, பழனிக்கு அடுத்த உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், பொறியியல் மாணவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் தலித். அவரை மணந்தது பழனியைச் சேர்ந்த பெண். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே நூற்றாண்டில் பிறந்தவர்கள். அவர்களைத் தாக்க வந்தவர்கள்தான் வேறு நூற்றாண்டிலிருந்து வந்தார்கள். பேகனிடம் கண்ணகிக்காகப் பேச நான்கு புலவர்கள் இருந்த நாட்டில், இவர்களுக்காகப் பேச எத்தனை கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன? காலம் தாண்டும் காதல் என்பது தப்பித்தலுக்கான இலக்கியம் என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: சாதி கடந்த காதலை முழு வீச்சில் எழுதத் தமிழுக்கு இந்த வடிவம் தேவைப்படுகிறது. புரோகிதரில்லாச் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1967இல்; பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். 1960இலிருந்து ஒருவர் வந்து 2020இல் ஒருவரைக் காதலித்தாலே போதும், இந்தச் சட்டங்கள் எதை மாற்றின, எதை மாற்றவில்லை என்பது வெளிவந்துவிடும். பேகன் காலம்வரை போக வேண்டும் என்பதில்லை.

ஆகவே எழுத வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆண்டில் அரிசி என்ன விலை, விளக்கில் என்ன எண்ணெய், கடிதம் போக எத்தனை நாள், பெண் தனியாக எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கண்டுபிடியுங்கள். செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அறியும் ஆவலே கொடைக்கானலில் ஆய்வகம் அமைய ஒரு காரணமாயிற்று. நூறாண்டுக்கு மேலான சூரியனின் படத் தட்டுகளை அங்கே காத்து வருகிறார்கள். நீங்கள் தேர்ந்த ஆண்டில் சூரியன் எப்படி இருந்தது என்பதைக்கூட அவை சொல்லக்கூடும். ஆங்லாத்தின் நூலைத் தேடிப் படியுங்கள். புறநானூற்றின் அந்த ஐந்து பாட்டுகளை உரையோடு படியுங்கள். பெரியகுளம் பக்கத்து வெள்ளகவிப் பாதையில் ஒருமுறையாவது நடந்து ஏறுங்கள். மேரி எவர்ஷெட் ஒரு கவிஞனுக்காக இவ்வளவும் செய்தார். நாம் படைக்கும் காதலர்களுக்காகச் செய்வதில் என்ன தடை?

குறிஞ்சி அடுத்து பூக்க வேண்டிய ஆண்டு 2030. அதற்குள் பழனி மலையைக் களமாகக் கொண்ட இத்தகைய கதைகளைத் தொடர்ந்து வெளியிட இவ்விதழ் விரும்புகிறது. நீளத்துக்கு வரம்பில்லை. எழுதி அனுப்புங்கள்.